லேப்டாப்பில் பிபிஎஸ்எஸ்பிபி: எது முடியும், எது முடியாது, எங்கே கை வைக்க வேண்டும்

பிபிஎஸ்எஸ்பிபி என்பது சோனியின் கையடக்க கேம் மெஷினான பிஎஸ்பியின் கேம்களை வேறு கருவிகளில் ஓட்டும் எமுலேட்டர். போனில் அதை வைத்து விளையாடிப் பழகியவர்கள் லேப்டாப்புக்கு மாறும்போது, பெரிய மெஷின் என்பதால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்து வருகிறார்கள். வேகம் கூடும், படமும் பளிச்சென்று இருக்கும், அது உண்மை. ஆனால் சில விஷயங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது. இன்னும் சில, போனில் தொல்லையே இல்லாமல் நடந்தவை, இங்கே நாமே உட்கார்ந்து செட் செய்தால்தான் நடக்கும். என் அக்கா மகன் கல்லூரிக்கு வாங்கிய லினக்ஸ் லேப்டாப்பில் இதைப் போட்டான். நான் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் பல வருடமாக ஓட்டுகிறேன். என் பழைய பிஎஸ்பி 3000-உம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அவன் போன் போட்டுக் கேட்டதற்கெல்லாம் சொன்ன பதில்களைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு முதலில் சொன்னது: ஏதாவது சரியில்லை என்றால் உடனே செட்டிங்ஸைத் திறக்காதே. இந்தக் குறை யாருடையது என்று பார். கேமே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறதா, எமுலேட்டரால் முடியாததா, இல்லை உன் டிரைவர், ஹெட்போன், கீபோர்டு செய்யும் வேலையா? யூடியூபில் 'பெஸ்ட் செட்டிங்ஸ்' என்று வரும் வீடியோக்கள் பல இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து ஆப்ஷனை மாற்றச் சொல்கின்றன. பிறகு எது எதைக் கெடுத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிஎஸ்பியின் மெனு ஏன் வரவில்லை

அவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பிஎஸ்பியை ஆன் செய்தால் அலை அலையாக ஓடும் பின்னணியில் குறுக்கும் நெடுக்குமாக ஐகான்கள் வருமே, அது எங்கே?

அது வராது, எந்த செட்டிங்கிலும் வராது. ஹென்ரிக் ருட்கோர்டு 2012-இல் பிபிஎஸ்எஸ்பிபியை வெளியிட்டதிலிருந்தே இது வேலை செய்யும் விதம் அப்படி. பிஎஸ்பியை இயக்கும் சோனியின் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேரை இது ஓட்டுவதில்லை. ஒரு கேம் ஃபர்ம்வேரிடம் 'இந்த ஃபைலைத் திற', 'இந்தப் பாட்டை டிகோட் செய்', 'சேவ் செய்யும் திரையைக் காட்டு' என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு எமுலேட்டரே பதில் சொல்கிறது. இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி: பிளேஸ்டேஷன் 1, 2 எமுலேட்டர்கள் கேட்பதுபோல பயாஸ் ஃபைல் (மெஷினுக்குள் இருந்த மென்பொருளின் நகல்) எதுவும் வேண்டாம். நிறுவினால் போதும், உடனே கேமைத் திறக்கலாம். இழப்பும் அதே காரணத்தால்தான். ஃபர்ம்வேருக்குள்ளேயே இருந்த பிரவுசர், ரிமோட் பிளே, ஸ்கைப் எதுவும் இங்கே இல்லை. பிஎஸ்பியில் போட்டு விளையாட சோனி கடையில் விற்ற பிளேஸ்டேஷன் 1 கிளாசிக் கேம்களும் ஓடாது, ஏனென்றால் அவற்றை ஓட்டிய எமுலேட்டர் ஃபர்ம்வேருக்குள் இருந்தது. அவற்றுக்கு டக்ஸ்டேஷன் மாதிரி தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்பிக்கென்றே வந்த சிறிய டிஸ்க்கான யுஎம்டியில், படம் பார்க்க விற்ற வீடியோ டிஸ்க்குகளுக்கும் இதில் இடமில்லை.

எழுத்துருவும் இதில் சேரும். பிஎஸ்பியின் ஃபான்ட்டுகள் சோனியின் சொத்து, அதனால் பிபிஎஸ்எஸ்பிபி சுதந்திரமாகக் கொடுக்கக்கூடிய வேறு ஃபான்ட்டுகளோடு வருகிறது. ஃபர்ம்வேரின் ஃபான்ட்டைப் பயன்படுத்தும் சில கேம்களில் எழுத்து கொஞ்சம் அகலமாகவோ வரி தள்ளியோ தெரிந்தால் காரணம் இதுதான். உங்களிடம் சொந்த பிஎஸ்பி இருந்தால் அதன் ஃப்ளாஷ் மெமரியிலிருந்து ஃபான்ட் ஃபைல்களை எடுத்து, விண்டோஸில் எமுலேட்டரின் அசெட்ஸ் ஃபோல்டருக்குள் 'ஃப்ளாஷ்0', அதற்குள் 'ஃபான்ட்' என்ற இடத்தில் போடலாம். கண்ணை உறுத்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள், விளையாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், டிஸ்க்கைப் போட்டு விளையாட முடியுமா என்றும் கேட்பார்கள். யுஎம்டியைப் படிக்கிற டிரைவ் கம்ப்யூட்டருக்கு என்று எப்போதும் வந்ததில்லை. கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையதை ரசிகர்கள் மாற்றியமைத்தது) போட்ட பிஎஸ்பி ஒன்று வேண்டும். டிஸ்க்கைப் போட்டு, முகப்பு மெனுவில் செலக்ட் பட்டனை அழுத்தி, யுஎஸ்பி டிவைஸ் என்ற வரியை 'யுஎம்டி டிஸ்க்' என்று மாற்றி, கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து யுஎஸ்பி இணைப்பை ஆன் செய்தால், டிஸ்க் முழுவதும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாகத் தெரியும். அதைக் காப்பி செய்துகொள்ள வேண்டியதுதான். இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் 1.8 ஜிபி வரை போகும். என் அலமாரியில் இருக்கும் டிஸ்க் எல்லாவற்றையும் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நிறுவும்போதே கவனிக்க வேண்டியவை

விண்டோஸில் இரண்டு வடிவம் உண்டு. ஜிப்பாக இறக்கினால் சேவ், செட்டிங்ஸ் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே 'மெம்ஸ்டிக்' என்ற பெயரில் இருக்கும். இன்ஸ்டாலர் வழியாகப் போட்டால் டாக்குமென்ட்ஸுக்குள் போய்விடும். ஜிப்பில் ஓட்டிவிட்டு பின்னால் இன்ஸ்டாலருக்கு மாறுகிறவர்கள் 'சேவ் எல்லாம் போய்விட்டது' என்று பதறுவார்கள். போகவில்லை, பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். காப்பி செய்து புதிய இடத்தில் போட்டால் போதும்.

லினக்ஸில் உங்கள் டிஸ்ட்ரிபியூஷனின் களஞ்சியத்தில் கிடைக்கும் பேக்கேஜ் பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். எந்த லினக்ஸிலும் ஒரேபோல நிறுவக்கூடிய ஃப்ளாட்பேக் வடிவில் எடுப்பது மேல். அப்படி எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃப்ளாட்பேக் ஆப் ஒவ்வொன்றும் தன் வேலிக்குள் ஓடும். தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கும் கேம் ஃபோல்டர் எமுலேட்டரின் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஃப்ளாட்சீல் என்ற சிறிய ஆப்பைப் போட்டு அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுங்கள். சேவ் ஃபைல்களும் வழக்கமான இடத்தில் இருக்காது. சாதாரண பேக்கேஜ் என்றால் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் தேட வேண்டும். ஃப்ளாட்பேக் என்றால் அதேபோல மறைந்திருக்கும் 'வார்' ஃபோல்டருக்குள், ஆப்பின் பெயரில் உள்ள இடத்தில். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் வெளிப்படையாகத் தெரிகிற வித்தியாசம் மேலே இருக்கும் மெனு பட்டை. விண்டோஸில் ஜன்னலின் உச்சியில் ஃபைல், எமுலேஷன், டீபக், கேம் செட்டிங்ஸ் என்று வரிசையாக இருக்கும். லினக்ஸ் பதிப்பில் அது இல்லை. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் விண்டோஸில் எடுத்த படங்களோடு இருப்பதால், அக்கா மகன் அந்த மெனுவைத் தேடி அலைந்தான். எஸ்கேப் அழுத்தி செட்டிங்ஸுக்குள் போனால் விளையாட வேண்டிய எல்லாமே அங்கே இருக்கும். கேம்களைப் பிரித்துப் பார்த்து ஆராய்கிறவர்களுக்கு வேண்டிய டீபக்கர் ஜன்னல்கள்தான் விண்டோஸில் அதிக வசதியோடு வந்தன. விளையாட மட்டும் வந்தவர்களுக்கு அது இழப்பே இல்லை.

படம்: 480-க்கு 272 என்ற உண்மை

பிஎஸ்பியின் திரை 480 × 272 பிக்சல். ரெண்டரிங் ரெசல்யூஷனை 2 மடங்கு வைத்தால் 960 × 544. 4 மடங்கு வைத்தால் 1920 × 1088, அதாவது சாதாரண ஃபுல் எச்டி திரையை நிரப்பி 8 வரி மிச்சம். அதனால் ஃபுல் எச்டி லேப்டாப்பில் 4-க்கு மேல் போவதில் லாபம் மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடும், விசிறி சத்தம் கூடும். பழைய லேப்டாப் என்றால் 2 மடங்கே போதும், கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

ஆனால் எத்தனை மடங்கு வைத்தாலும் மாறாத ஒன்று உண்டு. முப்பரிமாண உருவங்களின் விளிம்பு கூர்மையாகும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் படங்கள் கூர்மையாகாது. காரின் ஓரம் கத்திபோல இருக்கும், கார் கதவில் இருக்கும் எழுத்து மங்கலாகவே இருக்கும். கேம் டிஸ்க்கில் அந்தப் படம் அந்த அளவில்தான் இருக்கிறது. ரசிகர்கள் புதிதாக வரைந்து வெளியிடும் டெக்ஸ்சர் பேக் கிடைத்தால் அதை 'டெக்ஸ்சர்ஸ்' ஃபோல்டரில் கேமின் ஐடி (ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய குறியீடு) பெயரில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதில்லாமல் செட்டிங்ஸால் ஆகிற காரியம் இல்லை.

முழுக்க இருபரிமாண கேம்களில் இது தலைகீழாகும். ரெசல்யூஷனைக் கூட்டினால் துண்டு துண்டாக அடுக்கிய படங்களுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். அங்கே 1 மடங்கு வைத்து விளையாடுங்கள்.

கிராஃபிக்ஸ் சிப்பிடம் எந்த வழியாகப் படம் வரையச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் பேக்எண்ட் என்ற வரியில் வல்கன் இருந்தால் முதலில் அதை வையுங்கள். பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் படம் சிதறினாலோ எமுலேட்டரே மூடிக்கொண்டாலோ விண்டோஸில் டைரக்ட்3டி 11, லினக்ஸில் ஓபன்ஜிஎல். இது டிரைவரைப் பொறுத்த விஷயம். ஒரு லேப்டாப்பில் சரியாக இருப்பது இன்னொன்றில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: 'ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ்' என்பதை ஆன் செய்யச் சொல்லும் பழைய ஆலோசனையைக் கேட்காதீர்கள். சக்தி குறைந்த போன்களில் வேகத்துக்காகச் செய்த சமரசம் அது. லேப்டாப்பில் அதற்குத் தேவையே இல்லை. ஆன் செய்தால் சில கேம்களில் நிழல், ஒளி, மங்கல் எல்லாம் காணாமல் போகும். சிலவற்றில் திரையே கறுப்பாகிவிடும்.

30 ஃபிரேம் ஏன் 60 ஆகவில்லை

திரையின் மூலையில் வேகத்தைக் காட்டச் சொன்னால் 100 சதவீதம் என்று வரும், ஆனால் ஃபிரேம் 30 என்று நிற்கும். கம்ப்யூட்டர் திணறவில்லை. கேமே நொடிக்கு 30 படம்தான் வரைகிறது. பிஎஸ்பியில் வந்த கேம்களில் பெரும்பாலானவை அப்படி. டெக்கன் 6 போன்ற சண்டை கேம்கள் 60-இல் ஓடும், ஏனென்றால் அப்படியே செய்தார்கள். 30-இல் செய்ததை 60 ஆக்க அந்தந்த கேமுக்கென்று ரசிகர்கள் எழுதிய சீட் கோடு வேண்டும். அது சில கேம்களில் அழகாக வேலை செய்யும், சிலவற்றில் கதாபாத்திரங்கள் இரட்டை வேகத்தில் ஓடும்.

காட் ஆஃப் வார் தனி ரகம். பிஎஸ்பியின் பிராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது என்றாலும், பேட்டரியை மிச்சம் பிடிக்க சோனி கேம்களை 222-க்குள்ளேயே கட்டிவைத்திருந்தது. 2007-இல் 3.50 ஃபர்ம்வேரில்தான் முழு வேகத்தைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த கேமில் ஃபிரேம் எண்ணிக்கை 30-இல் கட்டப்பட்டதல்ல, பிஎஸ்பியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வரையும். எமுலேட்டரும் அந்த பிராசஸரின் நிதானத்தைப் போலச் செய்வதால், உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கூட்டம் கூடும் காட்சிகளில் ஃபிரேம் இறங்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிஎஸ்பியின் சிபியு கிளாக்கை மாற்றும் வரி இருக்கிறது. இந்த கேமுக்கு மட்டும் அதைக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எல்லா கேமுக்கும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்; நேரக் கணக்கை நம்பி எழுதிய கேம்கள் குழம்பும்.

அதற்கு வழி, ஒவ்வொரு கேமுக்கும் தனி கான்ஃபிக். கேமின் படத்தில் வலது கிளிக் செய்தால் விவரப் பக்கம் வரும், அங்கே தனி கான்ஃபிக் உருவாக்கும் பட்டன் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து செய்யும் மாற்றம் அந்த கேமோடு நிற்கும். இந்தக் கட்டுரையில் 'மாற்றிப் பாருங்கள்' என்று சொல்லும் இடங்களிலெல்லாம் இப்படித்தான் மாற்றச் சொல்கிறேன்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 144-ஐ 60-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அதனால் கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் நடுக்கம் தெரியும். மானிட்டரை 120-க்கு இறக்குங்கள், அல்லது மானிட்டரின் வேகத்தை கேமோடு பொருத்தும் ஃப்ரீசிங்க் மாதிரி வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள்.

சத்தமும் தாளமும்

டெஸ்க்டாப்பில் அதிகம் பேர் தவறான இடத்தில் குறை தேடுவது இங்கேதான்.

பட்டபான் கேமை எடுத்துக்கொள்வோம். ஒரு கண் மட்டும் இருக்கும் குட்டிப் படையை முரசு அடித்தே நடத்த வேண்டும். சதுர பட்டன் 'பட்டா', வட்டம் 'பான்'. பட்டா, பட்டா, பட்டா, பான் என்று தாளத்தில் அடித்தால் படை முன்னே நடக்கும். பான், பான், பட்டா, பான் என்றால் தாக்கும். தாளம் தப்பினால் நின்றுவிடும். அடிக்கும் அடிக்கும் நடுவே ஏறத்தாழ அரை நொடிதான். தாளத்தைக் கண்ணுக்குக் காட்டத் திரையைச் சுற்றி ஒரு சட்டம் மின்னிக்கொண்டே இருக்கும்.

அக்கா மகன் இதை விளையாடிவிட்டு, 'மாமா, சரியாத்தான் அடிக்கிறேன், படை நகரவே மாட்டேங்குது' என்றான். போனில் இதே கேமில் நீண்ட காம்போ எடுத்தவன் அவன். என்ன ஹெட்போன் என்று கேட்டேன். ப்ளூடூத். கழற்றிவிட்டு லேப்டாப்பின் ஸ்பீக்கரில் கேட்கச் சொன்னேன். படை நடந்தது.

ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் காதுக்கு வர நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தாமதமாவது சகஜம். படம் பார்க்கும்போது பிளேயர் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கேமில் அது நடக்காது. அரை நொடித் தாளத்தில் இருநூறு மில்லிசெகண்ட் போனால் அடி தப்பத்தான் செய்யும். இதைச் சோதிக்க பட்டபானை விட எளிய வழி எனக்குத் தெரியாது: சட்டம் மின்னுவதையும் முரசு கேட்பதையும் ஒன்றாகக் கவனியுங்கள். மின்னிய பிறகு சத்தம் வந்தால் ஹெட்போனோ ஸ்பீக்கரோ காரணம். இரண்டும் ஒன்றாக வந்து, ஆனால் நீங்கள் அழுத்தியது தாமதமாகப் பதிவானால், குறை படத்தின் பக்கம் இருக்கிறது.

அப்படியானால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் 'பஃபர் கிராஃபிக்ஸ் கமாண்ட்ஸ்' என்ற வரிக்குப் போங்கள். வேகத்துக்காக எமுலேட்டர் ஒன்றிரண்டு ஃபிரேமை முன்கூட்டியே சேர்த்து வைக்கும். அழுத்தியதற்கும் தெரிவதற்கும் நடுவே அந்தத் தாமதம் கூடும். 'நோ பஃபர்' என்று வைத்தால் குறையும். கம்ப்யூட்டர் கொஞ்சம் அதிகம் உழைக்கும், அவ்வளவுதான். டிவியில் இணைத்து விளையாடினால் டிவியின் கேம் மோடை ஆன் செய்ய மறக்காதீர்கள். டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றச் சேர்க்கும் தாமதத்தை எமுலேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

சத்தம் விட்டு விட்டு வந்தால் அது வேறு கதை. மூலையில் வேகத்தைப் பாருங்கள். 100-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் சத்தம் உடைகிறது என்றால் வேகம்தான் குறை, ஆடியோ செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. ரெசல்யூஷனைக் குறையுங்கள், லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் பிராசஸரைத் தூங்க வைப்பதுதான் பாதி வீடுகளில் காரணம்.

கீபோர்டில் விளையாட

ஆரோ கீகள் டி-பேட் (திசை பட்டன்கள்). ஐ, ஜே, கே, எல் நான்கும் அனலாக் (சாய்த்து நகர்த்தும் குமிழ்). இசட் பெருக்கல் குறி, எக்ஸ் வட்டம், ஏ சதுரம், எஸ் முக்கோணம். க்யூ, டபிள்யூ இரண்டும் தோள் பட்டன்கள். ஸ்பேஸ் ஸ்டார்ட், வி செலக்ட். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாதது, கீபோர்டில் ஒரு கீ அழுத்தினால் முழுதாக அழுத்தியதாகத்தான் கணக்கு. பிஎஸ்பியின் அனலாக் குமிழை லேசாகச் சாய்த்து மெல்ல நடந்த இடங்களில் இங்கே ஓட்டம்தான். இதற்கென்றே கன்ட்ரோல் மேப்பிங்கில் 'அனலாக் லிமிட்டர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் மாதிரி ஒரு கீயை அதற்குக் கொடுங்கள். அதைப் பிடித்திருக்கும் வரை சாய்வு குறைவாக இருக்கும். பதுங்கி நடக்க அது போதும். கார் ஓட்ட போதாது, அதற்கு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலர்தான் வேண்டும்.

விலை குறைந்த கீபோர்டுகள், லேப்டாப் கீபோர்டுகள் பலவற்றில் மூன்று நான்கு கீயை ஒன்றாக அழுத்தினால் ஒன்று விழுங்கப்படும். சண்டை கேமில் ஒரு குறிப்பிட்ட காம்போ மட்டும் வரவே மாட்டேன் என்கிறது என்றால், அந்த கீகளை நோட்பேடில் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அங்கேயும் ஒன்று வரவில்லை என்றால் வேறு கீகளுக்கு மாற்றுங்கள்.

சேவ், சேவ் ஸ்டேட்: இதை மட்டும் கட்டாயம் படியுங்கள்

இரண்டும் வேறு வேறு. கேமுக்குள் இருக்கும் சேவ் மெனுவில் செய்வது 'சேவ்டேட்டா' ஃபோல்டருக்குள் போகும். பிஎஸ்பியின் மெமரி ஸ்டிக்கில் இருப்பதும் அதே வடிவம்தான். போனிலிருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து போனுக்கு, ஏன், உண்மையான பிஎஸ்பியிலிருந்தும் அந்த ஃபோல்டரைக் காப்பி செய்தால் வேலை செய்யும். என் பிஎஸ்பி 3000-இல் இருந்த மான்ஸ்டர் ஹண்டர் சேவ் இன்று டெஸ்க்டாப்பில் தொடர்வது இப்படித்தான். ஒரு நிபந்தனை: கேமின் ஐடி பொருந்த வேண்டும். அமெரிக்கப் பதிப்பின் சேவ் ஐரோப்பியப் பதிப்பில் தெரியாது. சேவ் ஃபோல்டரின் பெயரே அந்த ஐடியில்தான் ஆரம்பிக்கும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எஃப்2 அழுத்தினால் நடப்பது சேவ் ஸ்டேட். அந்த நொடியில் எமுலேட்டரின் மெமரியில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே ஒரு ஃபைலில் கொட்டிவைக்கிறது. எஃப்4 அழுத்தினால் அந்த நொடிக்கே திரும்பலாம். பாஸ் சண்டைக்கு முன்னால் அருமையான வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை மட்டுமே நம்பி ஒரு கேமை முடிக்கக் கூடாது. எமுலேட்டரின் பழைய பதிப்பில் இருந்த கோளாறு எதுவும் அந்த மெமரிக்குள் உறைந்திருந்தால், புதிய பதிப்பில் அதைச் சரிசெய்த பிறகும் உங்கள் ஸ்டேட்டில் மட்டும் தொடரும். சீட் கோடு போட்டபோது எடுத்த ஸ்டேட்டும் அப்படித்தான், கோடை அணைத்த பிறகும் அதன் விளைவு உள்ளேயே இருக்கும்.

இதை விட ஆபத்தான ஒன்று உண்டு. திங்கட்கிழமை ஸ்டேட் எடுக்கிறீர்கள். வியாழன் வரை கேமுக்குள்ளேயே சேவ் செய்து முன்னேறுகிறீர்கள். வெள்ளிக்கிழமை தெரியாமல் எஃப்4 படுகிறது. கேம் திங்கட்கிழமைக்குப் போய்விட்டது, ஆனால் சேவ்டேட்டாவில் இருப்பது வியாழனின் சேவ். அது வரை ஒன்றும் கெடவில்லை. அந்த நிலையில் கேம் தானாக சேவ் செய்தாலோ, நீங்களே சேவ் செய்தாலோ, வியாழன் போயிற்று. எஃப்2, எஃப்4 இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கீதான் என்பதால் நான் எஃப்4-க்கு இருந்த வேலையை எடுத்துவிட்டு, லோட் செய்வதை மெனு வழியாக மட்டும் வைத்துக்கொண்டேன். 'ஆட்டோ லோட்' என்ற வரியும் ஆஃபிலேயே இருக்கட்டும்.

பதிப்பை மாற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேமுக்குள் சேவ் செய்துவிட்டு, சேவ்டேட்டா ஃபோல்டரை வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். மிகச் சிறிய ஃபோல்டர், பென் டிரைவில் ஒரு மூலையில் அடங்கும்.

இருவர் சேர்ந்து ஆட

பிஎஸ்பிகள் வைஃபையில் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் அட் ஹாக் என்பது ஒரே அறையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்காகச் செய்தது. தாமதம் இருக்காது என்று நம்பித்தான் கேம்கள் எழுதப்பட்டன. அதனால் ஒரே வீட்டு வைஃபையில் நன்றாக நடக்கும். வேறு ஊரில் இருப்பவரோடு ஆடும்போது சில கேம்கள் தாங்கும், சில அடிக்கடி துண்டிக்கும். எமுலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டரின் வைஃபை, பக்கத்தில் இருக்கும் உண்மையான பிஎஸ்பியின் அட் ஹாக்கோடு நேரடியாகப் பேசவும் பேசாது.

வீட்டுக்குள் ஆட வேண்டுமானால்: இரண்டு மெஷினிலும் ஒரே பதிப்பு, ஒரே கேம் ஐடி. நெட்வொர்க்கிங்கில் வைஃபையை ஆன் செய்யுங்கள். ஒரு மெஷினில் மட்டும் உள்ளமைந்த புரோ அட் ஹாக் சர்வரை ஆன் செய்து, இரண்டு மெஷினிலும் சர்வர் முகவரியாக அந்த மெஷினின் ஐபியைப் போடுங்கள். போர்ட் ஆஃப்செட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் மேக் முகவரி இரண்டிலும் வேறாக இருக்க வேண்டும். ஒருவர் செட்டிங்ஸ் ஃபைலை இன்னொருவர் அப்படியே காப்பி செய்தால் மேக் முகவரியும் ஒன்றாகிவிடும். அப்போது ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. விண்டோஸ் ஃபயர்வால் முதல்முறை கேட்கும்போது பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் ஃபயர்வாலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆடும்போது சேவ் ஸ்டேட்டும் ஃபாஸ்ட் ஃபார்வர்டும் வேலை செய்யாது. இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதால் புதிய பதிப்புகளில் தடுத்தே வைத்திருக்கிறார்கள். தீபாவளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்தபோது மான்ஸ்டர் ஹண்டர் ஃப்ரீடம் யுனைட்டில் இரண்டு பேரும் சேர்ந்து வேட்டைக்குப் போனோம், அவன் லினக்ஸில், நான் விண்டோஸில். இரண்டு ஓஎஸ் என்பது ஒரு தடையே இல்லை.

எதுவும் சரிவரவில்லை என்றால்

முதலில் செட்டிங்ஸை இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள், அதற்கான பட்டன் உள்ளேயே இருக்கிறது. இன்றைய பதிப்பில் இயல்பான செட்டிங்ஸிலேயே பெரும்பாலான கேம்கள் நன்றாக ஓடும். அப்போதும் படம் கெட்டிருந்தால் கிராஃபிக்ஸில் 'சாஃப்ட்வேர் ரெண்டரிங்' என்பதை ஆன் செய்து அதே காட்சியைப் பாருங்கள். இதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலையில்லை, பிராசஸரே ஒவ்வொரு பிக்சலையும் வரைகிறது. மெதுவாக ஓடும், ரெசல்யூஷனும் பழைய 480 × 272-தான், ஆனால் பிஎஸ்பி வரைந்த விதத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே படம் சரியாக வந்தால் கோளாறு பேக்எண்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. டிரைவரைப் புதுப்பியுங்கள், பேக்எண்டை மாற்றுங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் ஒன்று உங்கள் ஐஎஸ்ஓ கெட்டிருக்க வேண்டும், அல்லது எமுலேட்டருக்கே இன்னும் புரியாத ஏதோ ஒன்றை அந்த கேம் செய்கிறது.

இரண்டாவது என்றால் கிட்ஹப் தளத்தில் பிபிஎஸ்எஸ்பிபியை உருவாக்குகிறவர்களுக்குத் தெரிவியுங்கள். கேமின் பெயரை மட்டும் எழுதி 'வேலை செய்யவில்லை' என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கேம் ஐடி, எமுலேட்டரின் பதிப்பு எண், எந்த ஓஎஸ், எந்த கிராஃபிக்ஸ் சிப், எந்த பேக்எண்ட், சாஃப்ட்வேர் ரெண்டரிங்கில் என்ன ஆனது, கோளாறு வரும் இடத்துக்கு எப்படிப் போவது, பழைய பதிப்பு எதிலாவது சரியாக இருந்ததா என்று எழுதுங்கள். எஃப்12 அழுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் சேருங்கள். இங்கிலீஷ் சுமாராக இருந்தால் பரவாயில்லை, இந்த விவரங்கள் இருந்தால் போதும்.